பெருந்தொற்றும் மீன்பிடித்துறையின் புலம்பெயர் தொழிலாளரும்: தாய்லாந்தின் சமுத் சாக்கோன் பற்றிய விளக்கம்



கொவிட்-19 பெருந்தொற்றைப் பற்றி எழுதுமாறு கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் நோய்க்கிருமி, முகக்கவசம், கை கழுவுதல், தடுப்பூசி ஆகியவற்றையே எழுதுவர். அவை யாவும் சரியானவையே. ஆயினும் புவியியல், குடியுரிமைக் கல்வி ஆகிய பாடங்களைக் கற்கும் நீங்கள் இன்னொரு வினாவுக்கும் விடை தேட வேண்டும். ஒரே நோய் ஒரே நாட்டிலுள்ள எல்லோரையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை. அது ஏன்?

இவ்வினாவுக்கான விடையை ஓர் உண்மையான எடுத்துக்காட்டின் மூலம் விளங்கிக்கொள்வோம். தாய்லாந்தின் சமுத் சாக்கோன் என்னும் மாகாணத்தில் மீன்பிடித் துறையில் வேலை செய்த மியன்மார் நாட்டுத் தொழிலாளர்களே இங்கு நாம் கற்கப்போகும் மக்கள் பிரிவினர். இறுதியில் ஈரானில் அகப்பட்ட தமிழக மீனவர்களின் நிலையையும் எமது நாட்டின் பேலியகொடை மீன் சந்தை அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1. முதலில் அறிய வேண்டிய பதங்கள்

கொள்ளைநோய்: ஒரு பிரதேசத்தில் வழமையாக எதிர்பார்க்கப்படும் அளவைவிட அதிகமாகப் பரவும் நோய்.

பெருந்தொற்று: பல நாடுகளுக்கும் கண்டங்களுக்கும் பரவி, பெருந்தொகையான மக்களைப் பாதிக்கும் தொற்றுநோய். கொவிட்-19 நோயை உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 ஆம் திகதி பெருந்தொற்று எனக் குறிப்பிட்டது. அந்நோய் தொடர்பான உலக சுகாதார அவசர நிலை 2023 மே 5 ஆம் திகதி முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது.

புலம்பெயர் தொழிலாளர்: தொழிலின் பொருட்டுத் தமது சொந்த இடத்தை விட்டு வேறிடம் சென்று வாழ்வோர். இவர்கள் இரு வகைப்படுவர். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்வோர் ஒரு வகை. எமது நாட்டில் பருவக்காற்றுக்கு ஏற்ப மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்து மீன்பிடிப்போர் இவ்வகையினர். எல்லை கடந்து வேறு நாட்டுக்குச் செல்வோர் மற்றைய வகை. தாய்லாந்தில் வேலை செய்யும் மியன்மார், கம்போடியா, லாவோஸ் நாட்டவர் இவ்வகையினர்.

ஆவணமற்ற தொழிலாளர்: ஒரு நாட்டில் தங்குவதற்கோ வேலை செய்வதற்கோ உரிய அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள். முன்பு அனுமதி பெற்றிருந்து, காலம் முடிந்தபின் அதைப் புதுப்பிக்க முடியாமற் போனவர்களும் இப்பிரிவில் அடங்குவர் என்பதைக் கவனிக்கவும்.

கொத்தணி: ஒரே இடத்துடன் அல்லது ஒரே நிகழ்வுடன் தொடர்புடைய நோயாளர் தொகுதி.

2. சமுத் சாக்கோன்: அமைவிடமும் தொழிலும்

சமுத் சாக்கோன் மாகாணம் தலைநகர் பாங்கொக்கின் தென்மேற்கே, தா சின் ஆறு தாய்லாந்து வளைகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது. மகாசாய் என்பது இதன் பழைய பெயர். இன்றும் அப்பெயர் வழக்கில் உண்டு. கடல், ஆற்றுமுகம், தலைநகருக்கு அண்மை ஆகிய மூன்று சாதகங்களும் ஒருங்கே அமைந்ததால் இது தாய்லாந்தின் முக்கியமான கடலுணவு மையமாக வளர்ந்தது.

இங்கு நடைபெறும் தொழிலை ஒரு சங்கிலியாக நினைவில் வைத்திருங்கள்.

(அ) ஆழ்கடலிலும் கரையோரத்திலும் மீன்பிடித்தல்
(ஆ) துறைமுகத்தில் இறக்குதல், தரம் பிரித்தல்
(இ) மொத்தச் சந்தையில் ஏலம் கூறி விற்றல்
(ஈ) இறால் உரித்தல், மீன் வெட்டுதல், உறையவைத்தல், ரின்களில் அடைத்தல்
(உ) உள்நாட்டு விற்பனையும் ஏற்றுமதியும்

ரின்னில் அடைக்கப்பட்ட சூரை இன மீன்களை உலகில் மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு தாய்லாந்தாகும். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் அதிகமான கைகள் தேவை. கடினமும் ஈரமும் குளிரும் மணமும் நிறைந்த இவ்வேலைகளைத் தாய்லாந்து மக்கள் விரும்புவது குறைந்தது. அந்த இடத்தை அயல்நாட்டவர் நிரப்பினர். தாய்லாந்துக்கும் மியன்மாருக்கும் இடையே சுமார் 2,400 கிலோமீற்றர் நீளமான எல்லை உண்டு. மியன்மாரின் மொன் மாநிலம், தனின்தாரி பிரதேசம் போன்ற இடங்களிலிருந்து பலர் குடும்பமாகவே வந்து சேர்ந்தனர். பெருந்தொற்று ஏற்பட்ட காலத்தில் சமுத் சாக்கோனில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுசெய்யப்பட்ட புலம்பெயர் தொழிலாளர் இருந்தனர். பதிவில் இல்லாதோர் இதற்குப் புறம்பானவர்கள்.

3. நோய் வருவதற்கு முன்பே இருந்த பலவீனங்கள்

பெருந்தொற்றின் தாக்கத்தை விளங்கிக்கொள்ள, அது வருவதற்கு முன்னர் இத்தொழிலாளரின் நிலை எவ்வாறு இருந்தது என்பதை அறிய வேண்டும்.

(1) கடன்: வேலை தேடித்தரும் தரகருக்கும் ஆவணங்களுக்கும் பணம் செலுத்தப் பலர் கடன் பெற்றே வந்தனர். எனவே வேலைக்குச் செல்லாத ஒவ்வொரு நாளும் கடன் சுமை கூடியது.

(2) தொழில் தருநருடன் பிணைக்கப்பட்ட அனுமதி: வேலை அனுமதி குறிப்பிட்ட தொழில் தருநரின் பெயரில் வழங்கப்பட்டது. வேலை போனால், குறுகிய காலத்துக்குள் வேறு தொழில் தருநரைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையேல் நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும்.

(3) நெருக்கமான இருப்பிடம்: வாடகையைக் குறைப்பதற்காகப் பலர் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டனர். சமையலிடம், குளியலறை, கழிவறை ஆகியனவும் பொதுவானவை.

(4) மொழி: பர்மிய மொழியும் மொன் மொழியும் பேசும் இவர்களுக்குத் தாய் மொழியில் வெளியான அறிவித்தல்கள் முழுமையாக விளங்கவில்லை.

(5) அதிகாரிகள் மீதான அச்சம்: ஆவணம் இல்லாதவர் வைத்தியசாலைக்குச் செல்லவும் அஞ்சினார். அங்கிருந்து தகவல் சென்று தான் கைது செய்யப்படலாம் என்பது அவரது கவலை.

கடலுக்குச் செல்லும் தொழிலாளரின் நிலை இன்னும் கடினமானது. படகின் சிறிய உறங்குமிடத்தில் பலர் நெருங்கிப் படுக்க வேண்டும். வைத்தியர் இல்லை. கரைக்குத் திரும்பப் பல நாட்கள் செல்லும்.

இக்குறைகளைத் திருத்தும் முயற்சிகள் பெருந்தொற்றுக்கு முன்பே தொடங்கியிருந்தன என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காக 2015 ஏப்பிரலில் ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்கு "மஞ்சள் அட்டை" எச்சரிக்கை விடுத்தது. அதன் பின்னர் மீன்பிடிச் சட்டங்கள் மாற்றப்பட்டன. துறைமுகத்தை விட்டுப் புறப்படும் படகுகளும் திரும்பும் படகுகளும் சோதனையிடப்பட்டன. 2019 ஜனவரியில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. அதே மாதம், மீன்பிடித் தொழிலாளர் பற்றிய சர்வதேச தொழிலமைப்பின் 188 ஆம் இலக்கச் சமவாயத்தை ஆசியாவில் முதலாவது நாடாகத் தாய்லாந்து ஏற்றுக்கொண்டது. 2007 இல் நிறைவேற்றப்பட்ட இச்சமவாயம் எழுத்திலான வேலை ஒப்பந்தம், ஓய்வு நேரம், மருத்துவச் சான்று, தங்குமிட வசதி, சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படும் உரிமை ஆகியவற்றை வலியுறுத்துகிறது. மூன்று நாட்களுக்கு மேல் கடலில் தங்கும் படகுகளில் 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியால ஓய்வும், 7 நாட்களில் குறைந்தது 77 மணித்தியால ஓய்வும் வழங்கப்பட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

சட்டத்தில் உள்ள பாதுகாப்பு நடைமுறையில் எவ்வளவு உறுதியானது என்பதைப் பெருந்தொற்று சோதித்துக் காட்டியது.

4. முதற் கட்டம்: 2020 மார்ச்

சீனாவுக்கு வெளியே முதலாவது கொவிட்-19 நோயாளி உறுதிசெய்யப்பட்ட நாடு தாய்லாந்து ஆகும் (2020 ஜனவரி 13). 2020 மார்ச் இறுதியில் பாங்கொக்கின் கடைத்தொகுதிகள் மூடப்பட்டன. தரைவழி எல்லைகள் மூடப்பட்டன. மார்ச் 26 முதல் அவசரகால நிலை நடைமுறைக்கு வந்தது. வேலை இழந்த பல்லாயிரக்கணக்கான மியன்மார் தொழிலாளர் எல்லை அடைக்கப்படுவதற்கு முன் ஊர் திரும்ப விரைந்தனர்.

இக்கட்டத்தில் மீன்பிடித்துறை முழுவதும் ஒரே விதமாகப் பாதிக்கப்படவில்லை. உணவகங்களும் விடுதிகளும் மூடப்பட்டதால் புதிய மீன், இறால், நண்டு ஆகியவற்றுக்கான கேள்வி குறைந்தது. ஆனால் வீட்டில் முடங்கிய உலக மக்கள் நீண்ட நாள் வைத்திருக்கக்கூடிய உணவை வாங்கியதால் ரின்மீனுக்கான கேள்வி கூடியது. ஆகவே ஒரே தெருவில் வசித்த இருவரில், சந்தையில் இறால் தரம் பிரித்தவர் வேலை இழக்க, ரின்மீன் தொழிற்சாலையில் இருந்தவர் நெருக்கமான வரிசையில் நின்று தொடர்ந்து வேலை செய்யவேண்டியிருந்தது. முதலாமவருக்கு வருமானம் இல்லை. இரண்டாமவருக்கு வருமானம் இருந்தது. ஆனால் தொற்று ஏற்படும் ஆபத்தும் இருந்தது.

எல்லை மூடப்பட்டதன் இன்னொரு விளைவையும் கவனியுங்கள். தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளர் தேவைப்பட்டனர். மறுபுறம் ஊர் திரும்பியவர்களுக்கு வேலை தேவைப்பட்டது. சட்டபூர்வமான வழி அடைக்கப்பட்டபோது, தரகர்கள் காட்டிய இரகசிய வழிகள் பயன்படத் தொடங்கின. அவ்வழியால் வருவோர் பரிசோதனைக்கோ தனிமைப்படுத்தலுக்கோ உட்படுவதில்லை. அயல்நாட்டவர் மட்டுமன்றித் தாய்லாந்து நாட்டவரும் இவ்வாறு வந்தனர். 2020 நவம்பர் இறுதியில் மியன்மாரின் எல்லை நகரான தச்சிலெக்கிலிருந்து இரகசியமாகத் திரும்பிய தாய்லாந்துப் பெண்கள் சிலருக்குத் தொற்று இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

5. இரண்டாம் கட்டம்: 2020 டிசெம்பர்

2020 டிசெம்பர் நடுப்பகுதி வரை தாய்லாந்தில் பதிவான நோயாளர் தொகை சுமார் 4,300 மட்டுமே. நோயைக் கட்டுப்படுத்திய நாடு என அது பாராட்டப்பட்டது. டிசெம்பர் 17 அன்று சமுத் சாக்கோனின் இறால் மொத்தச் சந்தையில் வியாபாரம் செய்த 67 வயதுப் பெண் ஒருவருக்குத் தொற்று இருப்பது அறிவிக்கப்பட்டது. அவர் வெளிநாடு சென்றவர் அல்லர். உடனே சந்தையிலும் அதனை அடுத்துள்ள தொழிலாளர் குடியிருப்பிலும் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. டிசெம்பர் 19 அன்று ஒரே நாளில் 548 புதிய தொற்றாளர் அறிவிக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் மியன்மார் தொழிலாளர். பலரிடம் நோய்க்குறி எதுவும் காணப்படவில்லை.

அரசு எடுத்த உடனடி நடவடிக்கைகள் பின்வருமாறு:

• மாகாணம் 2021 ஜனவரி 3 வரை முடக்கப்பட்டது. இரவு ஊரடங்கு விதிக்கப்பட்டது.
• சந்தையும் தொழிலாளர் குடியிருப்பும் முட்கம்பியால் அடைக்கப்பட்டன. சில ஆயிரம் பேர் உள்ளே வைக்கப்பட்டு, உணவும் நீரும் வெளியிலிருந்து வழங்கப்பட்டன.
• புலம்பெயர் தொழிலாளர் மாகாண எல்லையைக் கடப்பது தடைசெய்யப்பட்டது.
• கள வைத்தியசாலைகள் அமைக்கப்பட்டன.

அப்போதைய பிரதமர் பிரயுத் சான்-ஓ-சா, சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்த தொழிலாளரே இப்பரவலுக்குக் காரணம் எனக் குறிப்பிட்டார். சில நாட்களில் மாகாண ஆளுநருக்கே தொற்று உறுதியானது. நோய்க்கிருமி கடவுச்சீட்டைப் பார்த்துத் தொற்றுவதில்லை என்பதை இது உணர்த்தியது.

6. அங்கு ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது?

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுவாகும். "யார் கொண்டுவந்தார்?" என்பது ஒரு வினா. "ஏன் அங்கு பரவியது?" என்பது வேறொரு வினா. முதலாவது வினாவுக்கு விடை கிடைத்தாலும் இரண்டாவதற்கு விடை கிடைத்ததாகாது. ஒரு தீக்குச்சி எங்கும் விழலாம். காய்ந்த வைக்கோல் உள்ள இடத்தில்தான் அது பெருந்தீயாகும். சமுத் சாக்கோனில் வைக்கோலாக அமைந்தவை எவை?

(1) வேலைத்தளத்தின் தன்மை: சந்தையிலும் பதனிடும் தொழிற்சாலையிலும் தொழிலாளர் தோளோடு தோள் நின்று வேலை செய்கின்றனர். ஏலமும் இயந்திரங்களும் எழுப்பும் ஓசையால் உரத்துப் பேச வேண்டியிருக்கிறது. உரத்துப் பேசும்போது வாயிலிருந்து வெளியேறும் துளிகள் கூடும். குளிரூட்டப்பட்ட மூடிய அறைகளில் காற்றோட்டம் குறைவு. குளிர்ந்த சூழலில் கிருமி நீண்ட நேரம் நிலைத்திருக்கும்.

(2) இருப்பிடத்தின் தன்மை: "ஒரு மீற்றர் இடைவெளி பேணுங்கள்" என்ற அறிவுரை, ஓர் அறையில் பலர் உறங்கும் இடத்தில் நடைமுறைக்கு வராது. அறிவுரையை அவர்கள் மீறினார்கள் என்பது இங்கு பொருந்தாது. அதைப் பின்பற்றுவதற்கான இடம் அவர்களிடம் இருக்கவில்லை.

(3) வேலைக்குச் செல்ல வேண்டிய கட்டாயம்: நாட்கூலி பெறுபவர் சிறிய காய்ச்சலைப் பொருட்படுத்தமாட்டார்.

(4) மறைந்து வாழும் நிலை: ஆவணமற்றோர் சுகாதார அதிகாரிகளின் கண்ணில் படாமல் வாழ்ந்ததால் நோய் பல நாட்கள் தெரியாமலே பரவியது.

(5) பரிசோதனை நடத்தப்பட்ட இடம்: எங்கு அதிகம் தேடுகிறோமோ அங்கு அதிகம் காண்போம். பரிசோதனைகள் தொழிலாளர் குடியிருப்பில் செறிவாக நடந்ததால் அங்கு அதிக எண்ணிக்கை பதிவானது. புள்ளிவிபரத்தை வாசிக்கும்போது "யாரிடம் பரிசோதனை செய்யப்பட்டது?" என்று கேட்கப் பழகுங்கள். நோய் பரவியது உண்மை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் இனத்தைப் பற்றி முடிவு செய்தல் தவறு.

7. புலம்பெயர் தொழிலாளர் மீதான தாக்கங்கள்

(1) வருமானம்: 2020 இல் சமுத் சாக்கோனின் குறைந்தபட்ச நாட்கூலி 331 பாத். 14 நாள் தனிமைப்படுத்தலில், வாரத்துக்கு ஒரு விடுமுறை நாளைக் கழித்தால் 12 வேலை நாட்கள் இழக்கப்படும். 331 x 12 = 3,972 பாத். ஊருக்கு அனுப்பும் பணமும் கடன் தவணையும் வாடகையும் இத்தொகையிலிருந்தே வரவேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். இதன் தாக்கம் மியன்மாரிலுள்ள பெற்றோரையும் பிள்ளைகளையும் சென்றடைகிறது.

(2) நிவாரணத்திலிருந்து விலக்கப்படல்: 2020 இல் முறைசாராத் தொழிலாளருக்கு மாதம் 5,000 பாத் வீதம் மூன்று மாதங்கள் வழங்கப்பட்டது. 2021 இல் சமூகப் பாதுகாப்பு நிதியத்தின் அங்கத்தவர்களுக்கு 4,000 பாத் வழங்கப்பட்டது. இரண்டும் தாய்லாந்துப் பிரசைகளுக்கு மட்டுமே உரியன. புலம்பெயர் தொழிலாளர் பலரின் சம்பளத்திலிருந்தும் அதே நிதியத்துக்கு மாதந்தோறும் பணம் கழிக்கப்பட்டது. ஆனால் நிவாரணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

(3) நடமாட்டம்: 2021 இல் தொழிற்சாலைகளில் "குமிழி" முறை பின்பற்றப்பட்டது. தொழிலாளர் வேலைத்தளத்துக்கும் விடுதிக்கும் இடையே மட்டுமே செல்லலாம். ஏற்றுமதி தொடர்ந்தது. ஆனால் தொழிலாளரின் சுதந்திரம் வேலை செய்யும் உரிமையாக மட்டும் சுருங்கியது.

(4) சட்ட நிலை: அலுவலகங்கள் மூடப்பட்டதாலும் எல்லை கடந்து திரும்ப முடியாததாலும் பலரின் அனுமதிகள் காலாவதியாகும் நிலை ஏற்பட்டது. அரசு கால நீடிப்புகளை வழங்கியது. எனினும் தகவல் எல்லோரையும் சென்றடையவில்லை.

(5) சமூகப் புறக்கணிப்பு: மியன்மார் நாட்டவரைப் பஸ்களில் ஏற்ற மறுத்தமை, ஆவணமற்ற தொழிலாளரைச் சில தொழில் தருநர்கள் தண்டனைக்கு அஞ்சித் தெருவோரத்தில் இறக்கிவிட்டமை போன்ற செய்திகள் வெளியாயின. அதேவேளை அடைக்கப்பட்டிருந்தோருக்கு உணவும் உடையும் கொண்டுவந்து கொடுத்த தாய்லாந்து மக்களும் இருந்தனர். இரண்டையும் சேர்த்தே எழுதுவது நேர்மையான விடையாகும்.

(6) ஊர் திரும்ப முடியாமை: 2021 பெப்ரவரி 1 ஆம் திகதி மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. வங்கிச் சேவைகள் சீர்குலைந்ததால் பணம் அனுப்புவதும் சிரமமாயிற்று. வேலை செய்த நாட்டில் நோய், சொந்த நாட்டில் மோதல் என்ற இரு நெருக்கடிகளுக்கு இடையே இத்தொழிலாளர் அகப்பட்டனர்.

8. நடவடிக்கைகளின் மதிப்பீடு

முட்கம்பி வேலி நோயை ஓர் இடத்தில் நிறுத்தி வைக்க உதவலாம். ஆனால் வேலிக்குள் தொற்றுள்ளவரும் தொற்றற்றவரும் நெருக்கமாக வாழ்ந்தால் உள்ளே பரவல் தொடரும். வேலியைக் கண்ட ஏனைய இடத்துத் தொழிலாளர், பரிசோதனைக்கு முன்வருவதைவிட மறைந்துகொள்வதே நன்று என எண்ணவும் கூடும்.

இதற்கு மாறான அணுகுமுறை 2020 டிசெம்பர் 29 அன்று வெளிப்பட்டது. மியன்மார், கம்போடியா, லாவோஸ் நாடுகளைச் சேர்ந்த ஆவணமற்ற தொழிலாளர் தம்மைப் பதிவுசெய்து, 2023 பெப்ரவரி வரை தங்கி வேலை செய்யலாம் என அமைச்சரவை தீர்மானித்தது. நிகழ்நிலை மூலமான பதிவுக்கு 2021 ஜனவரி 15 முதல் பெப்ரவரி 13 வரை காலம் வழங்கப்பட்டது. 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்தனர்.

இதை நன்கு சிந்தியுங்கள். இது தொழிற்சட்டம் தொடர்பான தீர்மானமாகத் தோன்றினாலும், உண்மையில் ஒரு சுகாதார நடவடிக்கையாகவும் அமைந்தது. பதிவுசெய்தவர் பரிசோதனைக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் உட்படுவார். அவர் எங்கு வசிக்கிறார் என்பது தெரியும். கைது பற்றிய அச்சம் குறைவதால் நோய் கண்டவுடன் வைத்தியரிடம் செல்வார். ஒருவருக்கு உரிமை வழங்குவது அவரை மட்டுமன்றி, அவரருகே வாழும் எல்லோரையும் பாதுகாக்கிறது.

இத்திட்டத்திலும் குறைகள் இருந்தன. பரிசோதனை, காப்புறுதி, கட்டணம் ஆகியவற்றுக்குப் பல ஆயிரம் பாத் தேவைப்பட்டது. மாதக்கணக்கில் வேலையின்றி இருந்தவருக்கு இது பெருந்தொகை. எனவே பதிவுசெய்வதற்காகவே மீண்டும் கடன்படும் நிலை பலருக்கு ஏற்பட்டது.

9. ஒப்பீடு (1): ஈரானில் அகப்பட்ட தமிழக மீனவர்

இதுவரை, கரையில் நெருக்கமாக வாழ்ந்தோரின் நிலையைப் பார்த்தோம். திரும்பிச் செல்ல வழியற்றுப் போவது மீன்பிடித்துறைக்கே உரிய இன்னொரு நெருக்கடியாகும்.

கன்னியாகுமரி முதலிய தமிழகக் கரையோர மாவட்டங்களைச் சேர்ந்த மீனவர்கள் பலர் பாரசீக வளைகுடா நாடுகளில் ஒப்பந்த அடிப்படையில் மீன்பிடிக்கின்றனர். 2020 பெப்ரவரியில் ஈரானில் நோய் தீவிரமாகப் பரவியது. விமான சேவைகள் நிறுத்தப்பட்டன. நூற்றுக்கணக்கான மீனவர்கள் துறைமுகங்களிலும் படகுகளிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்க நேர்ந்தது. உணவும் குடிநீரும் போதவில்லை என அவர்களின் குடும்பத்தினர் முறையிட்டனர். ஈற்றில் இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா என்னும் கப்பல், பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 இந்தியரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடியை வந்தடைந்தது. அவர்களுள் பெரும்பாலானோர் மீனவர்கள்.

சமுத் சாக்கோனில் பதிவு இல்லாமை பிரச்சினையாக இருந்தது. ஈரானில் திரும்பும் வழி இல்லாமை பிரச்சினையாக இருந்தது. இரண்டிலும், தொழில் தருநர் பொறுப்பை ஏற்காதபோது தொழிலாளருக்கு வேறு ஆதாரம் இருக்கவில்லை. 188 ஆம் இலக்கச் சமவாயம் "திருப்பி அனுப்பப்படும் உரிமை" பற்றிக் கூறுவதன் தேவை இங்கு தெளிவாகிறது.

10. ஒப்பீடு (2): பேலியகொடை அனுபவம்

எமது நாட்டில் 2020 ஒக்டோபரில் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் பெரிய கொத்தணி ஒன்று கண்டறியப்பட்டது. சந்தை மூடப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வியாபாரிகளும் லொறிச் சாரதிகளும் அங்கு வந்து சென்றதால் தொற்று ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது. மீன் உண்டால் நோய் தொற்றும் என்ற அச்சத்தால் மக்கள் மீன் வாங்குவதைத் தவிர்த்தனர். நோய் எதுவும் இல்லாத மீனவரின் மீனும் விற்பனையாகவில்லை. இவ்வச்சத்தைப் போக்குவதற்காக 2020 நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார்.

பேலியகொடையில் பாதிக்கப்பட்டோர் எமது நாட்டவர். சமுத் சாக்கோனில் பாதிக்கப்பட்டோர் அயல்நாட்டவர். இரண்டு சந்தைகளிலும் நோய் ஒரே விதமாகப் பரவியது. ஆகவே காரணம் நாட்டினத்தில் இல்லை, சந்தையின் நெருக்கத்திலும் தொழிலின் இயல்பிலும் உள்ளது என்ற முடிவுக்கு வரலாம். ஒப்பீட்டின் பயன் இதுவே.

11. பாடச் சுருக்கம்

• பெருந்தொற்று புதிய பலவீனங்களை மட்டும் உண்டாக்குவதில்லை. ஏற்கனவே உள்ளவற்றை வெளிப்படுத்திப் பெருக்குகிறது.
• கடன், பிணைக்கப்பட்ட அனுமதி, நெருக்கமான இருப்பிடம், மொழித் தடை, அச்சம் ஆகியன புலம்பெயர் மீன்பிடித் தொழிலாளரின் பிரதான பலவீனங்கள்.
• புதிய மீனுக்கான கேள்வி குறைந்தது. ரின்மீனுக்கான கேள்வி கூடியது. ஆகவே துறைக்குள்ளேயே தாக்கம் வேறுபட்டது.
• எல்லையை முற்றாக மூடுதல் இரகசிய வழிகளைப் பெருக்கலாம்.
• சட்ட அங்கீகாரம், மொழியறிந்த சுகாதாரச் சேவை, தனிமைப்படுத்தற் காலக் கொடுப்பனவு ஆகியவை நோய்த் தடுப்பின் பகுதிகளே.

12. பயிற்சி வினாக்கள்

(1) கொள்ளைநோய், பெருந்தொற்று ஆகியவற்றுக்கிடையேயான வேறுபாட்டைக் குறிப்பிடுக.

(2) சமுத் சாக்கோன் கடலுணவு மையமாக வளர்ச்சியடைவதற்குச் சாதகமான புவியியற் காரணிகள் மூன்று தருக.

(3) பெருந்தொற்றுக் காலத்தில் ரின்மீன் தொழிற்சாலைத் தொழிலாளரும் இறால் சந்தைத் தொழிலாளரும் எதிர்நோக்கிய பிரச்சினைகளை ஒப்பிடுக.

(4) "ஆவணமற்ற தொழிலாளரைப் பதிவுசெய்தல் ஒரு சுகாதார நடவடிக்கையாகும்." விளக்குக.

(5) 2020 டிசெம்பரில் சமுத் சாக்கோனில் கொவிட்-19 வேகமாகப் பரவியமைக்கான காரணங்களை விளக்குக.

விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

ஐந்தாம் வினாவுக்கு மாணவர் ஒருவர் பின்வருமாறு எழுதக்கூடும்:

"மியன்மார் தொழிலாளர் நோயைக் கொண்டுவந்து பரப்பினர். அவர்கள் சுகாதார விதிகளைப் பின்பற்றவில்லை."

இவ்விடை ஒரு குற்றச்சாட்டைக் கூறுகிறதேயன்றிக் காரணத்தை விளக்கவில்லை. அவர்கள் வேறிடத்தில் வசித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு இதில் விடை இல்லை. இதனைப் பின்வருமாறு திருத்தி எழுதலாம்:

"சந்தையிலும் பதனிடும் தொழிற்சாலைகளிலும் தொழிலாளர் நெருக்கமாக நின்று வேலை செய்தனர். ஓர் அறையில் பலர் வசித்தனர். நாட்கூலியை இழக்க முடியாததால் நோயுற்றபோதும் வேலைக்குச் சென்றனர். ஆவணமற்றோர் கைதுக்கு அஞ்சி வைத்திய உதவியை நாடவில்லை. இதனால் தொற்று கண்டறியப்படுவதற்கு முன்பே பரவியிருந்தது."

இரண்டாவது விடையின் ஒவ்வொரு வாக்கியத்திலும் மாற்றக்கூடிய ஒரு நிலைமை குறிப்பிடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அறையை விசாலமாக்கலாம். நோய்க்கால விடுமுறைக்குச் சம்பளம் வழங்கலாம். கைது பற்றிய அச்சத்தை நீக்கலாம். காரணத்தைச் சரியாக அறிந்தவரே தீர்வையும் சரியாக எழுதுவார். பரீட்சை மண்டபத்துக்கு வெளியேயும், ஒரு நோய்க்கு ஓர் ஊரையோ ஓர் இனத்தையோ பிறர் குறை கூறக் கேட்கும்போது, இவ்விரு விடைகளையும் நினைவிற் கொள்ளுங்கள்.